பதினோராம் காது

எருத்தேம்பதி தாண்டி, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்,
இருபத்துநாலு காதுகளை மண்ணில் குத்தி வைத்தோம்.
கட்டைவிரல் நீளக் கூர், ஆரஞ்சுத் தலை,
ஐந்து மீட்டருக்கு ஒன்று.
கேபிள் கடலைக்காட்டைக் கடந்து
ஆறுச்சாமியின் ஏழு போர்களையும் கடந்து
வேலியோரம் முடிகிறது.
ஏழும் புகைதான் வந்ததாம்.
எழுநூறு, தொள்ளாயிரம், ஆயிரத்து நூறு அடி.
ஒவ்வொன்றின் வாயிலும் கோணிச்சாக்கு, மேலே ஒரு கல்.

என் வேலை சம்மட்டி.
தகட்டின் நடுவில் விழ வேண்டும்.
விளிம்பில் பட்டால் தகடு துள்ளும், அலை கோணும்,
ரெஜுலா மேடம் உதட்டைக் கடிப்பார்.
ஓரிடத்தில் எட்டு அடி.
எட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்
காற்றும் லாரியும் தமக்குள் அடித்துக்கொண்டு மெலியும்,
என் அடி மட்டும் தடிக்கும்.
படிப்பு சொல்வது இது.
தோள்பட்டை சொல்வது வேறு.

"அனக்கம் வேண்டா" என்பார்.
இந்தச் சொல்லை மட்டும் செக்போஸ்ட்டில் நிறுத்துவதில்லை,
இரண்டு பக்கமும் இதே அனக்கம்தான்.
கள்ளு ஏற்றிய ஜீப் எஞ்சினை அணைக்கும்.
களை எடுக்கிற பெண்கள் குனிந்தபடியே உறைவார்கள்.
தென்னைக்கு யார் சொல்வது?
உச்சியில் காற்று, வேரில் அதன் புலம்பல்.
ஆறாம் ஏழாம் காதுகளில்
அது பொரிந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் நான் நம்பாத ஒன்று:
பக்கத்துக் காதுக்கு மேல்மண் வழியாகவே நடந்து போகிற அதிர்வு
தூரத்துக் காதுக்குத் தோற்றுப்போகிறது.
கீழே இறங்கி, சுக்காம்பாறையைத் துளைத்து,
கரும்பாறை தட்டியதும் வேகம் பிடித்து
வினாடிக்கு ஐயாயிரம் மீட்டர் ஓடி
மேலேறி வருவதுதான்
அங்கே முதலில் வந்து நிற்கிறது.
ஊருக்குள் புகாமல் பைபாஸ் பிடித்த
பொள்ளாச்சி பஸ் மாதிரி.
ஆழத்தைச் சுற்றியது
நேராக வந்ததை முந்துகிறது.

இன்றைக்கு அது ஓரிடத்தில் பிந்தியது.
பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
மூன்று மில்லி வினாடி.
கண்ணிமைப்பில் அதைப் போல நூறு அடங்கும்.
நேற்றைய கோட்டையும் சேர்த்து மேடம் வரைந்தார்:
உடைந்த பாறை, கிழக்கே சாய்ந்து
வேலிக்கு அடியில்
யாரிடமும் கேட்காமல் தமிழ்நாட்டுக்குள் போகிறது.
மூன்றாவது போருக்கு அது நாலு எட்டுத் தள்ளி.

"தண்ணியா?" என்றார் ஆறுச்சாமி.
"மெதுவாப் போகுதுன்னு மட்டும்தான் அலை சொல்லும், அண்ணா.
உள்ள தண்ணியா களிமண்ணான்னு சொல்லாது."
அவர் தலையாட்டினார், புரிந்தவர்போல,
அல்லது
நாலு எட்டை மனதில் நடந்து பார்க்கிறவர்போல.

அவர் காலையிலிருந்து பதினொன்றின் பக்கம்தான் நின்றார்.
செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு.
அசையவே இல்லை. நான் பார்த்தேன்.
ஆனால் லேப்டாப்பில் பதினோராம் கோடு
அடி விழுமுன்பே
சின்னதாய் ஒருதரம் சிலிர்த்திருந்தது,
என் சம்மட்டி இன்னும் காற்றில்
இறங்கிக்கொண்டிருக்கும்போதே.
எட்டு அடிக்கும் எட்டுச் சிலிர்ப்பு.
அடுக்கிப் பார்த்தோம்.
மெலியவில்லை. தடித்தது.

"பூஜ்யத்துக்கு முன்னால உள்ளது கணக்கில்ல, தாகிர்க்கா"
என்று அந்தத் துண்டை வெட்டிவிட்டார் மேடம்.
ரிப்போர்ட்டில் அது வராது.

கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.
பதினொன்றைக் கடைசியாகப் பிடுங்கினேன்.
பக்கத்தில் இரண்டு குதிகால் பள்ளங்கள்,
ஒரே ஆழம்.

"நாளைக்கும் அடிப்பீங்களா?"
"நாளைக்கு எதிர்முனையிலிருந்து.
ரெண்டு பக்கமும் அடிச்சாத்தான் சாய்வு தெரியுமாம்."

வேலியைப் பார்த்தார், கோணிச்சாக்குகளைப் பார்த்தார்.
செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"அப்ப நான்
எங்க நிக்கட்டும்?"